சரிதாவுக்குத் தெரியக் கூடாது

அஞ்செட்டி
20-1-2005

தங்கச்சி நஞ்சம்மாவுக்கு அண்ணன் நாராயணப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, குருமூர்த்தி, ஆடு மாடு எல்லோரும் சுகம். ராகியைக் களம் அடித்து மூட்டை கட்டியாயிற்று. யானை இரண்டு தடவை வந்து வாழையை மிதித்துவிட்டுப் போனது. அது வருஷா வருஷம் வருகிற விருந்தாளி. வராத விருந்தாளி நீங்கள்தான்.

பொங்கலுக்கு வருகிறேன் என்று நீதானே சொன்னாய்? மாட்டுப் பொங்கல் அன்று வந்த மூன்று பஸ்ஸுக்கும் குருமூர்த்தி ரோட்டில் போய் நின்றான். "அத்தை பஸ்ஸ உட்டுட்டாங்களோ என்னமோப்பா" என்று திரும்பி வந்தான். உன் அண்ணி சென்னம்மாள் சும்மா இருப்பாளா? "ஓசூர் தண்ணி குடிச்சவங்களுக்கு நம்மூட்டுக் களி எறங்காது" என்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய்ப் பெண்ணுக்கு மொட்டை போட்டீர்கள். ஒரு லட்டுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அதையும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, முக்கியமான சேதிக்கு வருகிறேன். இதை உனக்குப் படித்துக் காட்டுவது சரிதா என்று எனக்குத் தெரியும். நீ சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் அவள்தான். அதனால் அவளையே கேட்கிறேன். என்ன பாப்பா, மாமனுக்கு எப்போது சேதி சொல்லி அனுப்பப் போகிறாய்? உனக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. முனிவேல் மகள் பன்னிரண்டிலேயே பெரியவளாகிவிட்டாள். இந்த ஒரு வருஷத்தில் நம் ஊரில் நான்கு வீட்டில் குச்சு கட்டினார்கள். நான்கு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். தாய்மாமன் நான் பச்சை ஓலை வெட்டி வந்து, குச்சு கட்டி, உன்னை உள்ளே உட்கார வைக்கிற நாள் எது? கிணற்று மேட்டுத் தென்னையில் ஓலை வெட்டாமல் உனக்காகவே விட்டிருக்கிறேன். கிடாய் ஒன்றும் வளர்கிறது. அதற்கு உன் பெயர்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது.

மாப்பிள்ளை மாதவனைக் கேட்டதாகச் சொல்லவும்.

அண்ணன்
நாராயணப்பன்


ஓசூர்
2-2-2005

அண்ணனுக்கு நஞ்சம்மா எழுதுவது.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். ஐந்தாவதோடு விட்டது. பேனாவை அழுத்தி அழுத்திப் பிடிப்பதில் விரல் வலிக்கிறது. சரிதாவின் கணக்கு நோட்டில் எழுதிக் கிழித்து அனுப்புகிறேன். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். எனக்கு இன்று பூப் பண்ணையில் லீவு.

உங்கள் கடிதத்தை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். லட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தாள். அதற்குப் பிறகு வாய்விட்டுப் படிக்கவில்லை. கண் மட்டும் ஓடியது. மடித்து என் மடியில் போட்டுவிட்டு, "மாமா சும்மா எழுதியிருக்காரும்மா" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்தாள். மிச்சத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அண்ணா, இனிமேல் அப்படி எழுதாதீர்கள். கிடாய்க்கு அவள் பெயரை வைத்ததையும் எழுதாதீர்கள். உங்களுக்குக் கேலி. அவளுக்கு இப்போது கேலி பிடிப்பதில்லை. வகுப்பில் எல்லாப் பெண்களும் ஆகிவிட்டார்கள். அவள் ஒருத்திதான் பாக்கி. ஒரு வருஷம் படிப்பு விட்டுப் போனதால் அவளைவிடச் சின்னப் பெண்களோடு வேறு உட்கார்ந்திருக்கிறாள்.

உடம்பு தேறட்டும், எல்லாம் ஆகும். கழுத்துக் கட்டி ஆபரேஷன் பண்ணியதிலிருந்தே அவளுக்கு உடம்பு சரியாகப் பிடிக்கவில்லை. வேறொன்றும் இல்லை. பொங்கலுக்கு வராததும் அதனால்தான்.

இனிமேல் கடிதம் போட்டால் வீட்டுக்குப் போட வேண்டாம். எதிர்ச் சந்தில் சரோஜம்மாள் தையல் கடை வைத்திருக்கிறார். கீழே அந்த விலாசம் எழுதியிருக்கிறேன். அவர் என் கையில் கொடுப்பார், பிரித்துப் பார்க்கிறவர் இல்லை. போனிலும் இதைப் பேச முடியாது. அங்கே பூத்துக்காரர், இங்கே வீட்டுக்காரம்மா, நடுவில் நாம் இரண்டு பேரும் கத்த வேண்டும்.

அண்ணியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவும்.

நஞ்சம்மா


அஞ்செட்டி
11-2-2005

நஞ்சம்மாவுக்கு.

உன் கடிதம் வந்தது. எழுத்தைப் பார்த்தால் தாளில் ஏர் ஓட்டினதுபோல இருக்கிறது. முதலில் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் படிக்காதவன் இல்லை, முட்டாளும் இல்லை. பெண்ணுக்கு ஒன்றும் இல்லையாம். ஆனால் கடிதம் வீட்டுக்கு வரக் கூடாதாம். பெண் படிக்கக் கூடாதாம். யாரோ ஒரு தையல்காரம்மா கைக்கு வர வேண்டுமாம். எதை மறைக்கிறாய்?

நானே சொல்கிறேன். சரிதா பெரியவளாகி ரொம்ப நாளாகிறது. நீங்கள் யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டீர்கள். ஏன் என்றால், மாமனைக் கூப்பிட்டால் முறை வந்துவிடும். முறை வந்தால் குருமூர்த்தி வந்துவிடுவான். மாடு மேய்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க மனசில்லை. கம்பெனியில் சட்டையைச் செருகிக்கொண்டு வேலை பார்க்கிற பையனாக உன் வீட்டுக்காரர் பார்த்து வைத்திருப்பார். நியாயம்தானே?

கொடுக்காவிட்டால் போங்கள். நான் பிச்சை கேட்கவில்லை. ஆனால் குச்சு கட்டுகிற உரிமையை எனக்கு மறைத்தாய் பார், அதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா போன பிறகு உன்னைக் கட்டிக் கொடுத்தவன் நான். உன் அண்ணி முகத்தில் என்னால் விழிக்க முடியவில்லை. "உங்க தங்கச்சி உங்கள ஒரு ஆளாவே மதிக்கல" என்கிறாள். அவள் சொல்வது பொய்யென்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த மாசத்துக்குள் உண்மையை எழுது. எழுதாவிட்டால் நேரே வந்து உன் தெருவில் நின்று கேட்பேன். அக்கம்பக்கம் கேட்கிற மாதிரியே கேட்பேன்.

நாராயணப்பன்


ஓசூர்
20-2-2005

அண்ணா,

தெருவில் நின்று கேட்காதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். எல்லாம் சொல்கிறேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிட வேண்டும். அண்ணிக்கும் சொல்லக் கூடாது.

நாங்கள் திருப்பதிக்குப் போகவே இல்லை. மொட்டை போடவும் இல்லை. முடி தானாகக் கொட்டியது. காலையில் எழுந்தால் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அவள் பார்ப்பதற்குள் நான் வாரிச் சுருட்டி எடுப்பேன். கழுத்தில் இருந்தது சும்மா கட்டி இல்லை அண்ணா. கேன்சர்.

எழுதிவிட்டேன். இதுவரைக்கும் இந்த வார்த்தையை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் பத்து மாதம் நடந்தோம். காவிரித் தகராறில் பஸ் எல்லை தாண்டி ஓடாத நாட்களில் இந்தப் பக்கம் ஜூஜூவாடியில் இறங்கி, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அத்திப்பள்ளி வரைக்கும் நடந்தே போனோம். அவள் வழியில் வாந்தி எடுப்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப நடப்பாள். வெளியே தெரிந்தால் பெண்ணின் வாழ்க்கை போயிற்று என்று இவர் சொன்னார். நானும் அதையேதான் நினைத்தேன். அதனால் உங்களுக்கு ஒரு பொய், அண்ணிக்கு ஒரு பொய், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொய். எதை யாரிடம் சொன்னேன் என்று எனக்கே குழம்பும்.

நோய் போய்விட்டது என்றார்கள். வருஷம் இரண்டு முறை போய்க் காட்டுகிறோம். ஆனால் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டரம்மா ஒன்று சொன்னார். அவர் சொன்ன கன்னடம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். இந்த மருந்து கட்டியைக் கரைக்கும், அதோடு கருமுட்டை இருக்கிற பையையும் கெடுத்துவிடலாம், பின்னாளில் பிள்ளை பெறுவது கஷ்டமாகலாம், தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்றார். உயிர் போகிற நேரத்தில் பேரப்பிள்ளையைப் பற்றியா கேட்பார்கள்? இவர் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவைத் திறந்து கொடுத்தேன். அன்றைக்குச் சரிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கருமுட்டைப் பை வேலை செய்யவில்லை என்று வந்திருக்கிறது. மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் வருமாம், ஆனால் அது மாத்திரையால் வருவதாம். தானாக வருமா என்றால், சொல்ல முடியாது, ரொம்பக் கஷ்டம் என்கிறார். பெண்ணிடம் பேசிவிட்டு மாத்திரையை ஆரம்பிக்கலாம், அழைத்து வாங்க என்றார். நான் இன்னும் அழைத்துப் போகவில்லை. எப்படிச் சொல்வது? என்ன வார்த்தையில் சொல்வது?

சரிதாவுக்குத் தெரியக் கூடாது அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் தலை சீவிவிடும்போது அவள் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன், கட்டி ஏதாவது திரும்ப வந்திருக்கிறதா என்று. சிக்கெடுக்கிறதுபோல விரலை வைப்பேன். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். அது ஒரு பயம். இது இன்னொரு பயம். பண்ணையில் காதலர் தினத்துக்கு ரோஜா கட்டிக் கட்டி விரலெல்லாம் முள். அந்த வலி இருந்தால் கொஞ்ச நேரம் வேறு நினைப்பில்லை.

குருமூர்த்திக்குக் கொடுக்க மனசில்லாமல் இல்லை. கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் இருக்கிறேன்.

நஞ்சம்மா


அஞ்செட்டி
14-3-2005

நஞ்சி,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை என்று தவிக்காதே. எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன். போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் நினைத்தால் கையை வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. உன் கடிதத்தை நீ சொன்னபடியே எரித்துவிட்டேன்.

கிடாயை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அந்தப் பிள்ளை ரோட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் இங்கே லட்டு வரவில்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேனே. மாமன் தோள் எதற்கு இருக்கிறது?

இப்போது நான் சொல்வதைக் கேள். யோசித்துத்தான் சொல்கிறேன். ஊர் கேட்க ஆரம்பித்துவிட்டது. "உன் தங்கச்சி பொண்ணு இன்னும் ஆவலையா?" என்று முனிவேல் சந்தையில் வைத்துக் கேட்டான். இன்னும் ஒரு வருஷம் போனால் கேட்பதில்லை, முடிவே கட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் நாம் குச்சைக் கட்டிவிடுவோம். ஆகிவிட்டாள் என்று சொல்லிவிடுவோம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நான் ஓலையோடு வந்து நின்றுவிட்டால், தாய்மாமனே வந்துவிட்டான் என்று அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். மாத்திரையில் வந்தாலும் வந்ததுதானே? கொஞ்சம் முன்கூட்டிச் செய்கிறோம், அவ்வளவுதான். சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை, நல்ல நாள்.

உன் அண்ணிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. குச்சு கட்டி அவள் கையாலேயே நலங்கு வைத்துவிட்டால் பிறகு அவளாலும் பேச முடியாது.

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

அண்ணன்


ஓசூர்
25-3-2005

அண்ணா,

உங்கள் கடிதத்தில் கடைசியில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "குருமூர்த்தி விஷயத்தை மட்டும் இப்போது" என்று தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. பரவாயில்லை. நானும் அதைக் கேட்கமாட்டேன்.

இவரிடம் சொன்னேன். முதலில், "பொய்யிக்கி மேல பொய்யி, எங்க போயி நிக்கும் இது?" என்று சத்தம் போட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டார். அவருக்கும் பயம்தான், சொல்லிக்கொள்ளமாட்டார்.

சரிதாவிடம், மாமா ஆசைப்படுகிறார், கண்ணேறு கழிக்கிற மாதிரி ஒரு சின்னச் சடங்கு, அப்படியே குச்சும் கட்டிவிடுகிறார் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "எனக்குத்தான் இன்னும் ஆவலையேம்மா" என்றாள். ஆகும் ஆகும், முன்னாடியே செய்தால் சீக்கிரம் ஆகும் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்பறம் செஞ்சா ஆவாதா? இப்பவே எதுக்கு? என்னா அவசரம்?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அவள் ஒன்றும் கேட்பதில்லை. சண்டை போடுவதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தன் கலர் பென்சில், வளையல், ஹேர் பேண்டு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பெரியவளாகப் போகிறோம் என்று நினைத்துக் கொடுத்தாளோ என்னமோ. தலை சீவும்போது நான் விரலை வைப்பதற்கு முன்னால் அவளே கழுத்தைச் சாய்த்துக் காட்டுகிறாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை அண்ணா.

22-ஆம் தேதிக்கு வந்துவிடுங்கள். ஓலை கொஞ்சம் போதும், வீட்டுப் பின்னால் இடம் குறுகல். எனக்கு எப்போது முடியும் என்று இருக்கிறது.

நஞ்சம்மா


அஞ்செட்டி
1-5-2005

நஞ்சம்மாவுக்கு.

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளத் தெம்பில்லை. ஊருக்கு வந்து ஒன்பது நாளாகிறது. இன்னும் அந்த வெள்ளிக்கிழமையிலேயேதான் இருக்கிறேன்.

நான் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு உன் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறேன். சரோஜம்மாளும் நான்கைந்து பெண்களும் தட்டோடு வந்துவிட்டார்கள். உன் அண்ணி மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பின்வாசலுக்கு வந்து, "சரிதா உங்ககூடவா இருக்கா?" என்று கேட்டாய். அந்தக் குரலைச் செத்தாலும் மறக்கமாட்டேன்.

மாப்பிள்ளை மொபெட்டை எடுத்துக்கொண்டு சானமாவுக் காட்டு ரோடு வரைக்கும் போனார். நான் ஏரிக்கரைக்குப் போனேன். ஏன் ஏரிக்கரைக்குப் போனேன் என்று என்னைக் கேட்காதே. கரையில் ஒரு செருப்பு கிடந்தது. அது பெரிய ஆள் செருப்பு என்று தெரிகிறவரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. அங்கிருந்து ரயில் தண்டவாளத்துக்கு நடந்தேன். என் சட்டையெல்லாம் பச்சை ஓலை வாடை. எனக்கு அந்த வாடையே ஆகவில்லை.

ஆறு மணிக்கு அவள் பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருமுனையில் நடந்து வந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அத்தனை பேர் நிற்கிறார்கள், கொஞ்சமும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "மாமா, எனக்கு நோவு திரும்பலையாம். டாக்டரம்மா சொன்னாங்க. வயசுக்குத்தான் வரலை. தானா வராதாம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் நஞ்சி. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். என் கையில் மாலை இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி, "எனக்கு ஒரே புள்ள. அவனுக்கு வேற எடம் பாருங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். அவள் கெட்டவள் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன், நான் மறைத்து நீ வேறு யார் வாயிலாவது கேட்கக் கூடாது. குருமூர்த்தி மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். நானும் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. போன கடிதத்தில் நான் அடித்த வரி அதுதான். நீ கேட்கமாட்டேன் என்றாய், நானே சொல்லிவிட்டேன்.

பிள்ளை ஏன் சொல்லாமல் போனாள்? நாம் போட்ட நாடகம் பிடிக்காமல் போனாளா? என்மேல் வெறுப்பா? குச்சு கட்டுகிற யோசனை என்னுடையதுதான் என்று அவளிடம் சொல். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டட்டும்.

அண்ணன்


ஓசூர்
9-5-2005

அண்ணனுக்கு நஞ்சம்மா சொல்ல, சரிதா எழுதுவது.

எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பழையபடி இவள்தான் எழுதுகிறாள். உங்கள் கடிதத்தையும் இவள்தான் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அண்ணி சொன்னதையும் விடாமல் படித்தாள். நான் நிறுத்து என்றேன். "இருக்கறத தானே எழுதியிருக்காரு" என்று மேலே படித்தாள்.

அண்ணி சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. வலிக்கிறது, அது வேறு. என் மகனாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்தாலும் வலிக்கிறது.

(மாமா, இது சரிதா. குருமூர்த்தி மாமாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பத்தாவது எழுத வேண்டும். கிடாய்க்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள்.)

இவள் நடுவில் என்னவோ எழுதுகிறாள், கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

அண்ணா, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள்மேல் வெறுப்பில்லை. நாடகம் பிடிக்காமலும் போகவில்லை. நான் இவளுடைய கணக்கு நோட்டில் உங்களுக்கு எழுதி எழுதிக் கிழித்தேன் இல்லையா? எனக்குப் பேனாவை அழுத்தித்தான் எழுத வரும். கிழித்த தாள் உங்களிடம் வந்துவிட்டது, அடியில் இருந்த தாளில் தடம் விழுந்திருக்கிறது. இவள் நோட்டில் தாள் குறைவதைக் கவனித்திருக்கிறாள். அம்மா எதற்குத் தானே எழுதுகிறாள், எதற்கு மறைக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, அந்தத் தாளில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் தெரியவில்லையாம். நான் எங்கே ரொம்ப அழுத்தினேனோ அது மட்டும் வெள்ளையாகத் தெரிந்ததாம். கேன்சர். ரத்தம் எடுத்து. கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். திரும்ப வந்திருக்கிறதா. சரிதாவுக்குத் தெரியக் கூடாது. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு இவள் என்ன நினைத்தாள் தெரியுமா? நோய் திரும்பிவிட்டது, தான் பிழைக்கமாட்டோம், அதனால்தான் மாமா அவசரம் அவசரமாக வந்து வயசுக்கு வருவதற்கு முன்னாலேயே குச்சு கட்டுகிறார், சாகப் போகிற பெண்ணுக்கு ஒரு சடங்காவது பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு மாதம் அண்ணா. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வளையலையும் பென்சிலையும் கொடுத்தது அதற்குத்தான். எனக்குத் தெரியக் கூடாது என்று அவளும் மறைத்திருக்கிறாள்.

அன்றைக்குக் காலையில் போய் டாக்டரம்மாவிடம், இன்னும் எத்தனை நாள் என்றுதான் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா பதறிப்போய், யார் சொன்னார்கள் என்று கேட்டு, பரிசோதித்துப் பார்த்து, நோய் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அம்மா எதற்குப் பயப்படுகிறாள் என்று இவள் விடாமல் கேட்டிருக்கிறாள். பெரியவர்களை அழைத்து வா, அவர்கள் இருக்கும்போது பேசலாம் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னாராம். "அவங்க சொல்லமாட்டாங்க, நீங்க சொல்லுங்க" என்று பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லையாம். அப்புறம்தான் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது சிரித்தாளே, உங்களுக்கு விளங்கவில்லை என்றீர்களே, அது சாகமாட்டோம் என்று தெரிந்துகொண்டு வந்த சிரிப்பு.

அந்தச் சிரிப்பு நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் சரோஜம்மாளின் மகள் கைப்பிள்ளையோடு ஊரிலிருந்து வந்தாள். இவள் ஓடிப்போய்த் தூக்கினாள், கொஞ்சினாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மா, கையெழுத்துப் போட்ட அன்னைக்கே எனக்கும் தெரிஞ்சிருந்தா என்னைக் கேட்டிருப்பியா?" என்றாள். கேட்டிருக்கமாட்டேன் என்றேன். அன்றைக்கும் கையெழுத்துப் போடத்தான் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன், நீ எனக்கு வேண்டும் என்றேன். இவள் அழுதாள். நானும் அழுதேன். இவளிடம் நான் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் இவளையே வைத்து எழுத வைக்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். இவள்தான், நான் எழுதினால்தான் ஆச்சு, நீ எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். சொல்லச் சொல்ல இவள் கை நிற்காமல் போகிறது. நான்தான் நடுநடுவே நிற்கிறேன்.

நீங்கள் கொண்டுவந்த ஓலை பின்பக்கம் காய்ந்து கிடக்கிறது. வீட்டுக்காரம்மா எடுக்கச் சொல்லித் திட்டுகிறார். இவர் லீவு நாளில் எடுத்துப் போடுவார். நீங்கள் சொல்லாமல் போனதற்கு எனக்கு வருத்தம் உண்டு. மற்றபடி உங்கள்மேல் குறையில்லை. அண்ணியையும் குருமூர்த்தியையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு
நஞ்சம்மா

மாமா, இனி நான். இதை அம்மா எழுத வேண்டாம் என்றாள். மாமா ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார், கூப்பிடாதே என்றாள். எழுதாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோமே.

வருகிற 27-ஆம் தேதி ஆஸ்பத்திரி. அன்றைக்கு மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். மாத்திரையில்தான் வரப்போகிறது, மாத்திரையை நிறுத்தினால் நின்றும் போகுமாம், எனக்குத் தெரியும். அந்த ரூமுக்குள் வர அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்குக் காலை ஷிப்ட், லீவு கிடைக்காது. தனியாகப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் போன தடவை தனியாகப் போனபோது பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்து நின்றேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது சொல்லிவிடுவேன்.

நீங்கள் வாருங்கள் மாமா. அத்தை ஏதாவது சொன்னால், முறைக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். ஓலை வேண்டாம். முதல் பஸ்ஸுக்கு ஏறினால் எட்டரைக்குள் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடலாம், நான் பெங்களூர் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். பதிலை வீட்டுக்கே போடுங்கள், என் பெயருக்கு.

சரிதா